பழைய பிக்கப்புக்கு முன்பக்க சஸ்பென்ஷன் மாத்தணுமா? எல்லாரும் கேக்குற கேள்விங்க

என்கிட்ட இருக்குறது மஹிந்திரா ஜீப் சேஸ், பின்னாடி தொட்டி வெச்ச பழைய பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் லீஃப் பட்டை (அடுக்கடுக்கா கட்டின வளைஞ்ச இரும்பு ஸ்பிரிங்) தான். சத்துவாச்சாரி பக்கம் எந்த டீக்கடையில நிறுத்தினாலும் யாராவது ஒருத்தர் வந்து பானெட் மேல கைய வெச்சுகினு "இன்னாண்ணா, இன்னும் பட்டை தானா, பொலேரோ செட்டு ஏத்தலியா"ன்னு ஆரம்பிச்சுடுவாரு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் பேசி பேசி டீ ஆறிப்போறது தான் மிச்சம், அதனால திரும்ப திரும்ப வர்ற கேள்வியை மட்டும் பொறுக்கி இங்க எழுதி வெச்சிருக்கேன். நான் மெக்கானிக் இல்ல, ஆனா இந்த ஒரு வண்டிய நானே பல தடவை பிரிச்சு கோத்திருக்கேன், தப்பும் நிறைய பண்ணிருக்கேன்.

வண்டி தூக்கி தூக்கி போடுது, ஸ்டியரிங் ஆடுது. ஐ.எஃப்.எஸ்., அதாவது ரெண்டு முன் சக்கரமும் தனித்தனியா அசையுற சஸ்பென்ஷன், போட்டா சரியாயிடுமா?

சரியாகலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. ஏன்னா ஐ.எஃப்.எஸ். போட்டே ஆகணும்னு வர்ற வண்டியில பாதிக்கு மேல தேய்ஞ்ச சாமான் தான் பிரச்சனை, டிசைன் பிரச்சனை இல்ல, இது என் அனுபவம்.

முன் சக்கரம் ஒண்ணை ஜாக்கி போட்டு தூக்குங்க, ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டேண்டு வெச்சுடுங்க. டயரை மேல ஒரு கை கீழ ஒரு கை புடிச்சு, அதாவது கடிகாரத்துல 12க்கும் 6க்கும், உள்ள வெளிய ஆட்டுங்க. டக் டக்னு பிளே தெரியுதா? இப்ப வீட்டு பையன் யாரையாவது உள்ள உக்கார வெச்சு பிரேக்கை அழுத்தி புடிக்க சொல்லுங்க. பிரேக் புடிச்சதும் ஆட்டம் நின்னு போச்சுன்னா அது வீல் பேரிங். பிரேக் புடிச்சும் ஆடுச்சுன்னா கிங் பின், அதாவது சக்கரம் இடது வலதா திரும்புற அச்சு. பிரேக் போட்டா டிரம்மும் பேக் பிளேட்டும் ஒண்ணா பூட்டிக்கும், பேரிங் ஆட்டம் மறைஞ்சுடும், கிங் பின் ஆட்டம் மறையாது, அவ்வளவு தான் சூட்சுமம்.

அடுத்து 9க்கும் 3க்கும் புடிச்சு ஆட்டுங்க, இங்க ஆட்டம் வந்தா டை ராடு எண்டு, அதாவது ஸ்டியரிங் கம்பியோட முனையில இருக்குற மூட்டு. அப்புறம் சக்கரத்தை கீழ எறக்கிட்டு பையனை ஸ்டியரிங்கை இந்த பக்கம் அந்த பக்கம் நாலு விரக்கடை மட்டும் திருப்பினு இருக்க சொல்லிட்டு நீங்க வண்டிக்கு அடியில படுங்க, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரல்ல தொட்டுகினே வாங்க, கண்ணுல தெரியாத பிளே விரல்ல தெரியும். பழைய சி.ஜே. 3பி மாதிரி வண்டின்னா நடுவுல பெல் கிராங்க்னு ஒண்ணு இருக்கும், ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து வர்ற டிராக் லிங்க் அதை தள்ளும், அது ரெண்டு டை ராடையும் தள்ளும். அந்த பெல் கிராங்க் புஷ் தேய்ஞ்சா மத்ததெல்லாம் புதுசு போட்டும் வண்டி ரோட்டுல மேய்ஞ்சுகினே போகும். கடைசியா கடப்பாரையை வெச்சு ஷேக்கிள் (பட்டை முனையை சேஸோட சேக்குற ஆடும் இணைப்பு) புஷ்ஷை நெம்பி பாருங்க.

இதெல்லாம் சரி பண்ணாம புது சஸ்பென்ஷனுக்கு காசு எண்ணி வெக்காதீங்க.

புஷ், கிங் பின் எல்லாம் புதுசு. இன்னும் முதுகு போகுது. ஒரு பட்டையை கழட்டிடலாமா?

கழட்டலாம், ஆனா எந்த பட்டைன்னு தெரிஞ்சு கழட்டணும். மெயின் பட்டைக்கு அடுத்து இருக்குறதை தொடவே கூடாது, மெயின் பட்டை உடைஞ்சா ஆக்சிலை புடிச்சு நிறுத்துறது அது தான். எடுத்தா கீழ இருந்து மேல வாங்க, அதுவும் ஒண்ணு எடுத்து ஓட்டி பாத்துட்டு தான் அடுத்தது.

இதுல எண்ணிக்கையை விட கனம் தான் முக்கியம். பட்டையோட விறைப்பு அதோட கனத்தோட மூணாம் அடுக்கு, அதாவது 8 மி.மீ. பட்டையை எடுத்துட்டு அதே நீளம் அதே அகலத்துல 7 மி.மீ. போட்டீங்கன்னா விறைப்பு மூணுல ஒரு பங்கு கொறஞ்சுடும், வெறும் ஒரு மில்லிக்கு! நீளமும் அப்படித்தான், பட்டை பத்து சதவீதம் நீளமானா சுமார் 25 சதவீதம் மெத்துன்னு ஆயிடும். ஆனா நீளத்தை மாத்தணும்னா சேஸ்ல பட்டையை மாட்டுற ஹேங்கரையே மாத்தணும், அது பெரிய வேலை.

அப்புறம் உரசல். பட்டைக்கு நடுவுல துரு ஏறி கட்டு மொத்தமும் ஒரே இரும்பு கட்டை மாதிரி ஆயிருக்கும், சின்ன பள்ளத்துக்கு அது அசையவே அசையாது, அடி நேரா சேஸுக்கு வரும். பிரிச்சு, கம்பி பிரஷ் போட்டு தேச்சு, கிராஃபைட் கிரீஸ் தடவி கட்டினா பாதி சொகுசு அங்கயே கெடைக்கும். நான் முதல் தடவை இதை பண்ணிட்டு காட்பாடி மேம்பாலம் எறங்கறப்போ வேற யார் வண்டியோ ஓட்றோமான்னு சந்தேகம் வந்துச்சு.

காசு இருக்குறவங்க பாராபாலிக் பட்டை பாக்கலாம். அதுல ரெண்டு மூணு பட்டை தான், ஒவ்வொண்ணும் நடுவுல தடியா ஓரத்துல மெல்லிசா இருக்கும், நடுவுலயும் முனையிலயும் மட்டும் தான் தொடும். உரசல் கம்மிங்கறதால சொகுசு, ஆனா அதே காரணத்துனால நல்ல ஷாக் அப்சர்பர் இல்லன்னா வண்டி தொட்டில் மாதிரி ஆடும். பழைய கட்டுல உரசலே பாதி ஷாக் வேலையை பாத்துகினு இருந்துச்சு, அது போச்சுன்னா வேற ஒருத்தன் பாக்கணும்ல.

கமான் பட்டறையில பட்டையை சூடு பண்ணி வளைச்சு தரேன்றாங்க, ஓகேவா?

சூடு பண்ணி வளைச்சா மறுபடி எண்ணெயில குளிர வெச்சு டெம்பர் குடுக்கணும், அந்த வசதி இருக்குற பட்டறையான்னு கேளுங்க. கேஸ் கட்டர்ல சிவக்க காட்டி சுத்தியில தட்டி "இந்தாங்க சார்"னு தர்ற பட்டை ஒரு ரெண்டு மாசம் நிக்கும், அப்புறம் பழையபடி படுத்துடும், இல்லன்னா உடையும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல பெட்ரோல் எஞ்சினை எறக்கிட்டு டீசல் ஏத்தின ஜீப் தான் அதிகம். அந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சினை விட டீசல் எஞ்சின் கனம், அதுக்கு பெட்ரோல் வண்டி பட்டையை போட்டா எவ்வளவு வளைச்சாலும் படுக்கத்தான் செய்யும். முதல்ல எந்த எஞ்சினுக்கான பட்டை வண்டியில இருக்குன்னு பாருங்க.

நீளமான ஷேக்கிள் போட்டு முன்பக்கம் தூக்கலாமா? செலவு கம்மியாச்சே?

இது என் சொந்த கதை. ரெண்டு இன்ச் நீளமான ஷேக்கிள் லேத்துல அடிச்சு போட்டேன், வண்டி ஒரு இன்ச் தூக்குச்சு, ஷேக்கிள் நீளத்துல பாதி தான் உயரமா வரும் ஏன்னா பட்டையோட ஒரு முனை தான் எறங்குது, ஆக்சில் நடுவுல இருக்கு. பாக்க கம்பீரமா இருந்துச்சு. வேலூர்ல இருந்து ஆம்பூர் போலாம்னு பெங்களூரு ஹைவேல ஏறினேன், பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு பாலத்து ஜாயின்ட்ல டயர் ஏறினது தான் தாமதம், ஸ்டியரிங் கையை விட்டு பிச்சுகினு போற மாதிரி இந்த பக்கம் அந்த பக்கம் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. ஸ்பீடு அறுபது கூட இல்ல. மெதுவா பிரேக் புடிச்சு ஓரம் கட்டி நிறுத்துற வரைக்கும் நிக்கல. பக்கத்துல உக்காந்திருந்த மச்சான் எறங்கி "நான் பஸ்ல வரேன்"னு போயிட்டாரு, அன்னிக்கு பிரியாணி தனித்தனியா தான் சாப்ட்டோம்.

காரணம் இது தான். பழைய ஜீப் சேஸ்ல முன் பட்டையோட ஷேக்கிள் முன்னாடி முனையில இருக்கும். அதை நீளமாக்கினா பட்டையோட மூக்கு கீழ எறங்கும், அதோட சேந்து ஆக்சிலும் முன்னாடி பக்கமா சுத்தும், கிங் பின் தலை முன்னாடி சாயும், கேஸ்டர், அதாவது கிங் பின் தலை பின்னாடி சாயுற கோணம், போயிடும். சக்கரத்தை நேரா இழுத்து வெக்கிறது கேஸ்டர் தான், தள்ளுவண்டி சக்கரம் தானா திரும்பி நிக்குது பாருங்க அதே சங்கதி. சி.ஜே. வகை வண்டிக்கு கேஸ்டர் 3 டிகிரி. என் வண்டியில ஷேக்கிள் போட்ட பிறகு அளந்தா கேஸ்டர் ஒரு டிகிரி கூட இல்ல.

அப்ப ஆப்பு போட்டா கேஸ்டர் திரும்ப வந்துடுமா? ஆப்பு எந்த பக்கம் தடியா இருக்கணும்?

வரும். பட்டைக்கும் ஆக்சில் சீட்டுக்கும் நடுவுல ரெண்டு டிகிரி மூணு டிகிரி ஆப்பு வெக்கலாம், ஸ்டீல்லயே வாங்குங்க, அலுமினியம் நசுங்கும். ஆனா திசை தான் எல்லாரும் தப்பு பண்ற இடம், நானும் தான். கிங் பின் தலை பின்னாடி சாயணும், இது ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க. ஜீப்ல ஆக்சில் பட்டைக்கு மேல உக்காரும், அப்ப ஆப்போட தடிச்ச பக்கம் முன்னாடி வரணும். சாதா ஐ பீம் ஆக்சில் பிக்கப்புல பட்டை ஆக்சிலுக்கு மேல உக்காரும், அங்க தடிச்ச பக்கம் பின்னாடி. நான் யாரோ லாரிக்காரர் சொன்னார்னு ஜீப்ல பின்னாடி தடியா வெச்சேன், இருந்த ஒரு டிகிரியும் போச்சு, கேட்டை தாண்டி தெருமுனை வரைக்கும் கூட நேரா போகல.

ஃபோர் வீல் டிரைவ்காரங்களுக்கு ஒரு தொல்லை: கேஸ்டர் ஏத்த ஏத்த முன் டிஃப்ரென்ஷியல் மூக்கு கீழ பாக்கும், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்ல கோணம் கூடும். அதனால முதல்ல ஷேக்கிளை பழைய சைஸுக்கு மாத்துங்க, அப்புறம் கொறையுறதுக்கு மட்டும் ஆப்பு.

பொலேரோ, ஸ்கார்பியோ முன்பக்க செட்டை அப்படியே ஏத்தினா?

நல்லா பண்ணின வண்டியும் பாத்திருக்கேன், பாத்து பயந்த வண்டியும் உண்டு. ஆசை புரியுது: பொலேரோவும் நம்ம ஜீப் மாதிரியே அஞ்சு போல்ட், போல்ட் ஓட்டை வட்டம் (பி.சி.டி.) 139.7 மி.மீ., அதனால பின் சக்கரமும் முன் சக்கரமும் ஒரே ரிம்மா இருக்கும், டிஸ்க் பிரேக் வந்துடும், பவர் ஸ்டியரிங்கும் வந்துடும். ஆனா வேலை இங்க தான் இருக்கு:

பட்டை சஸ்பென்ஷன்ல ரோட்டுல இருந்து வர்ற அடி ரெண்டு ஹேங்கர் வழியா சேஸோட நீளத்துக்கு பிரிஞ்சு போகும். ஐ.எஃப்.எஸ்.ல எல்லாமே கிராஸ் மெம்பர் (சேஸ்ல குறுக்கால போற சட்டம்) நிக்குற ஒரே இடத்துல வந்து எறங்கும், அதுவும் சேஸை முறுக்குற மாதிரி. பழைய சேஸ் ஒரு பக்கம் தொறந்த சி வடிவம், முறுக்குக்கு தாங்காது. அந்த இடத்துல தொறந்த பக்கத்துக்கு பிளேட் வெச்சு பாக்ஸா மூடணும், அது இல்லாம கிராஸ் மெம்பரை மட்டும் வெல்டு வெச்சா ஒரு மழைக்காலத்துக்குள்ள வெல்டு ஓரத்துல மயிரிழை விரிசல் விடும். மூடுறதுக்கு முன்னாடி சேஸ் லெவல்ல இருக்கான்னு நாலு மூலையிலயும் ரசமட்டம், குறுக்கால டயகனல் அளவு, ரெண்டும் பாக்கணும்.

அடுத்து ட்ராக் அகலம், அதாவது இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தூரம். டோனர் வண்டி, அதாவது செட்டை கழட்டி எடுத்த வண்டியோட ட்ராக் நம்ம வண்டியை விட அகலமா இருந்தா டயர் மட்கார்டுக்கு வெளிய பிதுங்கும், சரின்னு கிராஸ் மெம்பரை நடுவுல அறுத்து குறுக்கிடுவாங்க, அங்க தான் கதை கெடும். டை ராடோட உள் பக்க ஜாயின்டும் கண்ட்ரோல் ஆர்மோட (சக்கரத்தை சேஸோட சேக்குற கை) உள் பக்க பிவட்டும் ஒரே கோட்டுல இருக்கணும், கிராஸ் மெம்பரை குறுக்கி ஸ்டியரிங்கை குறுக்காம விட்டா, சக்கரம் மேல கீழ போறப்பல்லாம் தானா திரும்பும். பம்ப் ஸ்டியர்னு சொல்வாங்க. ஸ்டியரிங்கை நேரா புடிச்சிருப்பீங்க, வண்டி ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஒரு பக்கம் தலை ஆட்டும்.

ஃபோர் வீல் டிரைவை விட்டுட முடியாதுன்னா டூ வீல் செட்டு ஆகவே ஆகாது. 2010ல வந்த தார் சி.ஆர்.டி.இ.ல முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கிகினு ஸ்பிரிங் வேலை பாக்குற நீளக் கம்பி) ஐ.எஃப்.எஸ்., ஃபோர் வீல் டிரைவோட. அதை ஏத்தணும்னா டார்ஷன் பார் பின் முனையை புடிக்க தனியா இன்னொரு கிராஸ் மெம்பர் வேணும். டார்ஷன் பார் புதுசு இல்ல, நம்ம அம்பாசடர்லயே முன்னாடி அது தான்.

அமெரிக்காவுல இருக்குற சித்தப்பா பையன் 1956 ஃபோர்டு பிக்கப்புக்கு "மஸ்டாங் டூ" போடுறானாம். அது என்னது, இங்க வருமா?

ஃபோர்டு 1974ல இருந்து 1978 வரைக்கும் மஸ்டாங் டூன்னு ஒரு சின்ன கார் விட்டாங்க. கார் பேரை இன்னிக்கு பெருசா யாரும் சொல்றதில்ல, ஆனா அதோட முன்பக்கம், மேல கீழ ஆர்ம், காயில் ஸ்பிரிங், ரேக் அண்ட் பினியன், எல்லாம் ஒரு சின்ன கிராஸ் மெம்பர்ல அடங்கின கச்சிதம், அதனால அங்க பழைய வண்டி கட்றவங்களுக்கு அது தான் வழக்கமான செட்டு ஆயிடுச்சு. இப்ப விக்கிறது பெரும்பாலும் அந்த வடிவத்துல புதுசா அடிச்சது. அசல்ல கீழ் ஆர்ம் ஒல்லியா, அதுக்கு முட்டு குடுக்க ஒரு ஸ்ட்ரட் ராடு இருக்கும், புதுசுல அகலமான ட்யூப் ஆர்ம் வெச்சு அந்த ராடை எடுத்துட்டாங்க.

உங்க தம்பிகிட்ட ரெண்டு விஷயம் கேக்க சொல்லுங்க. அந்த கார் ரொம்ப லேசு, பிக்கப்போ கனம், அதனால பிக்கப்புக்கான ஸ்பிரிங், 11 இன்ச் டிஸ்க் வர்ற செட்டான்னு. ரெண்டாவது, எஞ்சின் ஆயில் சம்ப் கிராஸ் மெம்பர்ல இடிக்குமான்னு. அங்க இன்னொரு வழியும் இருக்கு, 2003ல இருந்து 2011 வரைக்கும் வந்த கிரவுன் விக்டோரியா காரோட அலுமினிய கிராஸ் மெம்பரை கழட்டி ஏத்துறாங்க, உறுதியானது, ஆனா ட்ராக் அகலம். ஷெவ்ரலே காரங்களுக்கு இந்த தலைவலியே கம்மி, 1960லயே பிக்கப்புல டார்ஷன் பார் ஐ.எஃப்.எஸ். குடுத்து 1963ல காயிலுக்கு மாறிட்டாங்க. ஃபோர்டு 1965ல ட்வின் ஐ பீம், அதாவது சக்கரத்துக்கு ஒண்ணா ரெண்டு தனி பீம், கொண்டாந்தாங்க.

இங்கயா? அந்த செட்டோட ரேக் இடது பக்க ஸ்டியரிங்குக்கு. வலது பக்க ரேக் தேடணும், கப்பல் செலவு, வரி, அப்புறம் ஒரு பால் ஜாயின்ட் போச்சுன்னா ராணிப்பேட்டையிலயும் கெடைக்காது சென்னையிலயும் கெடைக்காது. என்னை கேட்டா வேணாம்.

ஆர்.டி.ஓ.ல பிரச்சனை வருமா?

வரும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தி சொல்லிடுச்சு. பட்டை, ஷாக், புஷ்னு அதே டிசைன்ல சாமான் மாத்துறது பராமரிப்பு. சேஸை அறுத்து வேற வண்டி முன்பக்கம் வெல்டு வெக்கிறது அந்த கணக்குல வராது. ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல புடிக்கிறதும் இதை தான்.

இதை விட நிறைய பேர் யோசிக்காத ஒண்ணு இருக்கு: பல வண்டியில சேஸ் நம்பர் அடிச்சிருக்குறது முன்பக்க வலது சைடு மெம்பர்ல, அதாவது நீங்க அறுத்து போட போற அதே துண்டுல. அது பழைய இரும்பு கடைக்கு போச்சுன்னா ஆர்.சி. புக்கு வெறும் பேப்பர்! எதை அறுக்குறதுக்கும் முன்னாடி நம்பர் எங்க இருக்குன்னு சுரண்டி பாருங்க. 50 வருஷம் தாண்டின வண்டின்னா இன்னும் யோசிங்க, 2021ல வந்த விண்டேஜ் விதியில பதிவு பண்ணணும்னா வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், சேஸ்ல பெரிய மாத்தம் பண்ணிட்டா அந்த கதவு மூடிக்கும்.

ஷாக் அப்சர்பர் எது வாங்கலாம்?

பிராண்டை விட நீளம் பாருங்க. வண்டி சும்மா நிக்குறப்போ ஷாக்கோட ராடு சுமார் பாதி வெளிய இருக்கணும். சக்கரம் முழுசா மேல வந்தா ஷாக் முட்டுறதுக்கு முன்னாடி பம்ப் ஸ்டாப் (அடி தாங்குற ரப்பர் கட்டை) முட்டணும், இல்லன்னா ஷாக்கே பம்ப் ஸ்டாப் ஆயிடும், ஒரே வாரத்துல ஆயில் ஒழுகும். பட்டையை மெத்துன்னு ஆக்கின பிறகு தான் ஷாக் வாங்கணும், முன்னாடி வாங்கினா ரெண்டு தடவை வாங்குவீங்க.

ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து அடைச்ச ஏர் பேக்?

ஷோவுக்கு நிறுத்துறவங்களுக்கு. மே மாச வேலூர் வெயில்ல ரப்பர், லைன், கம்ப்ரஸர் எல்லாத்தையும் பாத்துகினு இருக்கணும். எனக்கு பொறுமை இல்ல.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதை தான் போடுறது?

வண்டி எங்க ஓடுதுன்னு சொல்லுங்க. ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் மண் ரோடு, தொட்டியில எருவும் சிமென்ட்டும்னா பட்டை தான், சுத்தமா பிரிச்சு கட்டின பட்டை, நல்ல ஷாக், சரியான கேஸ்டர். உடைஞ்சாலும் எந்த ஊர் பட்டறையிலயும் ஒரு மணி நேரத்துல கட்டி அனுப்பிடுவாங்க. அதே வேலை, ஆனா மாசம் ரெண்டு தடவை சென்னை, பெங்களூருன்னு ஹைவே ஓட்டம்னா பாராபாலிக் வரைக்கும் போங்க, கூடவே முன்னாடி டிஸ்க் பிரேக் பாருங்க. டூ வீல் டிரைவ், லோடு ஏத்த மாட்டேன், ரோடு மட்டும் தான், ஸ்டியரிங் கார் மாதிரி வேணும், பேப்பர் தொல்லையும் தெரியும், நல்ல வெல்டரும் கையில இருக்காருன்னா மட்டும் ஐ.எஃப்.எஸ். பேச்சு. அப்பவும் முழு செட்டும் ஒரே டோனர் வண்டியில இருந்து எடுங்க, ஆர்ம் ஒரு வண்டி ஸ்டியரிங் ஒரு வண்டின்னு கலக்காதீங்க.

நான் பட்டையிலயே இருக்கேன். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவும் போன மாசம் ஏறி எறங்கினேன், மச்சான் பக்கத்துல தான் உக்காந்திருந்தாரு, கைப்புடியை விடாம.

பட்டை வேலை முடிஞ்சதும் வேற எதுனா பாக்கணுமா?

யூ போல்ட்டை பழசு போடாதீங்க, ஒரு தடவை இழுத்து முறுக்கின போல்ட் மரை நீண்டு போயிருக்கும், புதுசு ரொம்ப விலை இல்ல. வண்டி தரையில நின்னு எடை ஏறின பிறகு தான் ஷேக்கிள் போல்ட்டை கடைசி முறுக்கு முறுக்கணும், தூக்கி வெச்ச நிலையில முறுக்கினா ரப்பர் புஷ் முறுக்கினபடியே மாட்டிக்கும், சீக்கிரம் கிழியும். முதல் ஓட்டம் முடிஞ்சதும் யூ போல்ட் கண்டிப்பா கொஞ்சம் தளரும், பட்டை ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உக்கார்றதால. நான் ஏலகிரி போறப்போ பொன்னேரி அடிவாரத்துல நிறுத்தி ஒரு தடவை முறுக்குனேன், நாலுல ரெண்டு நட்டு கால் சுத்து போச்சு.